மொரீஷியஸில் மாத வாடகை: எந்தக் கதவைத் தட்டினால் குறையும்?

'வீட்டிலிருந்து வேலை' என்றுதான் அலுவலகத்தில் சொன்னார்கள். எந்த வீடு என்று சொல்லவில்லை. அந்த இடைவெளியில் நுழைந்துதான் மொரீஷியஸ் வந்தேன். கோயம்புத்தூர்க் கடிகாரத்தைவிட இங்கே ஒன்றரை மணி நேரம் பின்னால். அங்கே ஒன்பதரைக்குத் தொடங்கும் வேலை இங்கே எட்டு மணிக்குத் தொடங்கி நாலரைக்கு முடிந்துவிடும். வெயில் இறங்குமுன் கடலில் கால் நனைக்கலாம். இதற்கு மேல் தீவின் அழகைப் பற்றி என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். நான் பேச வந்தது வாடகையைப் பற்றி.

இரண்டு தடவை வந்து தங்கியிருக்கிறேன். முதல் தடவை மேற்குக் கடலோர ஊரான ஃபிளிக் ஆன் ஃபிளாக்கில் ஒரு படுக்கையறை வீட்டுக்கு மாதம் 38,000 ரூபாய் கொடுத்தேன். இரண்டாம் தடவை தீவின் நடுவே ரோஸ் ஹில்லில், அதைவிடப் பெரிய வீட்டுக்கு 14,000. இரண்டும் மொரீஷியஸ் ரூபாய். ஒன்றுக்கு நம் ஊர்க் கணக்கில் இரண்டு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு தடவைக்கும் நடுவில் என் வாய்ச் சாமர்த்தியம் ஒன்றும் வளர்ந்துவிடவில்லை. யாரிடம் பேசினேன், எந்த மாதத்தில் பேசினேன், அவர் எதற்குப் பயந்துகொண்டிருந்தார் என்பவைதான் மாறின.

மாதக்கணக்கில் தங்கி வேலை செய்ய வருகிறவருக்கு இங்கே மூன்று கதவுகள் இருக்கின்றன. ஏர்பிஎன்பி போன்ற செயலியில் பதிவு செய்வது முதல் கதவு. வீட்டுத் தரகரிடம் போய் ஆண்டு ஒப்பந்தம் போடுவது இரண்டாவது. சில நாள் எங்காவது தங்கிக்கொண்டு, தெருத்தெருவாக நடந்து, வீட்டுக்காரரிடமே நேரில் பேசுவது மூன்றாவது. மூன்றிலும் பேரம் உண்டு, ஆனால் ஒவ்வொன்றிலும் அது வேறு வேறு சங்கதியைப் பற்றியது.

செயலியில் பேரம்

நான் முதலில் தட்டியது இந்தக் கதவைத்தான். 28 இரவோ அதற்கு மேலோ தங்கினால் மாதத் தள்ளுபடி கொடுக்கும் வசதி ஏர்பிஎன்பியில் வீட்டுக்காரர்களுக்கு இருக்கிறது. கொடுப்பதா வேண்டாமா, எவ்வளவு என்பது அவர்கள் விருப்பம். அதற்கு மேலும் குறைக்க மனமிருந்தால், உங்களுக்கு மட்டும் தனி விலை போட்டு அனுப்பவும் வழி உண்டு. ஆகவே தேதியைச் சொல்லி, 'இந்தத் தேதிகளுக்குச் சிறப்பு விலை அனுப்ப முடியுமா?' என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நானும் கேட்டேன். வீட்டுக்காரர் ஒரு சிரிப்புப் பொம்மையை மட்டும் பதிலாக அனுப்பினார். நான் கேட்டது டிசம்பர் மாதம். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பள்ளி விடுமுறை என்று ஐரோப்பாவிலிருந்தும் பக்கத்து ரியூனியன் தீவிலிருந்தும் ஆட்கள் வந்து குவிகிற நேரம். அவருடைய மனக்கணக்கு இரவுக் கணக்கு. என்னுடையது மாதக் கணக்கு. ஒரு இரவுக்கு இன்ன விலை என்று விற்றுக்கொண்டிருப்பவரிடம் முப்பது இரவை மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்பது, முப்பதில் பத்து இரவாவது காலியாகக் கிடக்கும் மாதத்தில்தான் சலுகையாகத் தோன்றும். டிசம்பரில் அது அவருக்கு நட்டம்.

அதே வீட்டின் விலையை இரண்டாம் தடவை, மே மாதத்தில் எடுத்துப் பார்த்தேன். யாரும் கேட்காமலே 26,000க்கு இறங்கியிருந்தது. இங்கே மே முதல் செப்டம்பர் வரை குளிர்காலம். குளிர்காலம் என்றால் நம் ஊர் மார்கழிக் குளிரைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். தென்கிழக்குக் காற்று விடாமல் அடிக்கும், கடல் சிலிர்க்கும், சுற்றுலாக்காரர்கள் குறைவார்கள். ஜூலை, ஆகஸ்டில் பிரெஞ்சுப் பள்ளி விடுமுறைக் கூட்டம் ஒன்று வந்து போகும். ஆகவே செயலி வழியாகத்தான் வருவேன் என்பவர்கள் மே, ஜூன் மாதங்களைக் கேட்டுப் பாருங்கள்.

செயலியின் பெரிய குறை வாடகையைவிட வேறொன்றில் இருக்கிறது. 28 இரவும் அதற்கு மேலும் உள்ள பதிவுகளுக்குத் தனி ரத்து விதி உண்டு. பாதியில் கிளம்பினால் பெரும்பாலும் அடுத்த முப்பது நாள் பணம் போய்விடும். நான்கு மாதத்தை ஒரே மூச்சில் பதிவு செய்துவிட்டு, மாடியில் தினமும் துளைபோடும் வேலை நடப்பதை மறுநாள் கண்டுபிடித்தால் உங்கள் பாடு திண்டாட்டம். நீண்ட பதிவுக்குத்தான் நல்ல தள்ளுபடி, ஆனால் நீண்ட பதிவில்தான் மாட்டிக்கொள்வீர்கள். இன்னொன்று: பதிவு செய்த பிறகு 'செயலிக்கு வெளியே பணமாகக் கொடுங்கள், குறைத்துக்கொள்கிறேன்' என்று சிலர் சொல்வார்கள். அது விதிமீறல் என்பதோடு, தகராறு வந்தால் உங்கள் பக்கம் நிற்க ஒருவரும் இருக்கமாட்டார். எனக்கும் அப்படி ஒரு அழைப்பு வந்தது, ஒதுங்கிக்கொண்டேன்.

தரகரும் ஆண்டு ஒப்பந்தமும்

இது ஓராண்டு தங்குபவருக்கு ஏற்ற கதவு. வெளிநாட்டு வருமானத்தில் இங்கே தங்கி வேலை செய்பவர்களுக்காக மொரீஷியஸ் அரசு 2020இல் பிரீமியம் விசா கொண்டுவந்தது. ஓராண்டுக்குத் தருகிறார்கள், புதுப்பிக்கலாம், மாதம் குறைந்தது 1,500 டாலர் வருமானம் காட்ட வேண்டும். அது கையில் இருந்தால் தரகர் உங்களை மரியாதையாக நடத்துவார். வீட்டுக்காரருக்கும் 'இவர் அடுத்த வாரம் ஓடிவிடமாட்டார்' என்ற நிம்மதி.

ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். குவாத்ர் போர்ன் என்ற ஊரில் எனக்குக் காட்டிய வீடு மாதம் 18,000. ஒரு மாத முன்பணம் திரும்பி வரும், அதை விடுங்கள். தரகருக்கு ஒரு மாத வாடகை, அதன்மேல் 15 சதவீத வாட் வரி: ஆக 20,700. இது திரும்பி வராது. பன்னிரண்டு மாதத்துக்குப் பகிர்ந்தால் மாதம் 1,725 கூடி, வாடகை 19,725 ஆகிறது. ஆறே மாதம் இருந்தால் 21,450. மூன்று மாதத்தில் கிளம்பினால் 24,900. ஒரே வீடு, ஒரே பேரம். தங்கும் காலத்தைப் பொறுத்து மூன்று விலை. மூன்று மாதக்காரர் தரகரிடம் வாடகையில் ஆயிரம் ரூபாய் குறைத்துவிட்டேன் என்று மகிழ்வது, ஓட்டைக் குடத்தில் நீர் மொள்வது போலத்தான்.

தரகரிடம் வாடகையைப் பற்றிப் பேசுவதைவிட, ஒப்பந்தத்தில் முன்னறிவிப்பு விதியைப் பற்றிப் பேசுவது நல்லது. ஆறு மாதத்துக்குப் பிறகு ஒரு மாத அறிவிப்போடு காலி செய்யலாம் என்ற ஒரு வரியை எழுதி வாங்க முடிந்தால், அது பல மாத வாடகைக் குறைப்புக்குச் சமம். தரகர் வீட்டுக்காரரின் ஆள் என்பதையும் மறக்கக் கூடாது. வாடகை ஏறினால் அவர் கட்டணமும் ஏறுகிறது.

நடந்து தேடுவது

இரண்டாம் தடவை வந்தபோது ஆறு நாளுக்கு மட்டும் ஓர் அறை எடுத்துக்கொண்டு, மடிக்கணினியை மூடியதும் நடக்கத் தொடங்கினேன். லெக்ஸ்பிரஸ் ப்ராப்பர்ட்டி போன்ற இணைய விளம்பரங்களையும் பார்த்தேன், ஆனால் அவற்றில் தரகர்கள் நிறைந்திருந்தார்கள். வேலைக்கு ஆனது தபாஜி. தெருமுனைப் பெட்டிக்கடைக்கு இங்கே அந்தப் பெயர். பால், ரொட்டி, பத்திரிகை வாங்கும் சாக்கில் கடைக்காரரிடம் 'இந்தப் பக்கம் மாடி காலியாக இருக்கிறதா?' என்று கேட்டால், எந்த வீட்டில் யாருடைய மகன் வெளிநாடு போனான், எந்த மாடி எத்தனை மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது என்று அத்தனையும் சொல்லிவிடுவார்.

தமிழர் என்பது இங்கே ஒரு கதவைத் திறக்கும், ஆனால் நாம் நினைக்கிற மாதிரி அல்ல. மொரீஷியஸ் தமிழர்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது கிரியோல், பிரெஞ்சிலிருந்து கிளைத்த உள்ளூர் மொழி. தைப்பூசக் காவடி அரசு விடுமுறை, ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது, கோயிலில் தேவாரம் ஒலிக்கிறது. அந்தத் தேவாரத்தை ரோமன் எழுத்தில் எழுதி வைத்துப் படிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். 'வணக்கம்' என்றால் முகம் மலரும். அதற்கு அடுத்த வாக்கியம் தமிழில் போனால் பாவம், சங்கடப்படுவார்கள். தமிழைப் பேசிக் காட்டி வாடகை குறைக்கலாம் என்று நான் போட்ட கணக்கு முதல் நாளே பொய்த்தது. கிரியோலில் ஒரு வாக்கியம் கற்றுக்கொண்டேன்: 'ஃபேர் என் தி ஸெஃபோர்.' நேர்ப்பொருள் 'கொஞ்சம் முயற்சி செய்யுங்கள்'; நம் 'கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்' இருக்கிறதே, அதேதான். இதைச் சொன்னால் வீட்டுக்காரர் சிரிப்பார். சிரித்தவரிடம் பேசுவது எளிது.

முதல் பேச்சுவார்த்தையை நானே கெடுத்தேன். குவாத்ர் போர்னில் ஓய்வுபெற்ற ஒருவரின் வீட்டுப் பின்கட்டு. நம் ஊர்ப் பழக்கத்தில் குறைகளை அடுக்கினேன்: சோபா பழையது, குளியலறைச் சுவரில் கறை, சன்னல் இறுகிக்கொண்டிருக்கிறது. ஜவுளிக்கடையில் செல்லுபடியாகும் வித்தை அது. அந்தச் சன்னலை அவர் தம் கையால் பொருத்தியிருக்கிறார் போலும். 'அப்படியானால் உங்களுக்கு வேறு நல்ல வீடு கிடைக்கும், தம்பி' என்ற பொருளில் ஏதோ சொல்லிக் கதவைச் சாத்தினார். அவர் செய்ததில் தப்பே இல்லை.

நான்காம் நாள் ரோஸ் ஹில்லில் கிடைத்தது ஒரு தமிழம்மாவின் மாடி. தொடக்கப்பள்ளியில் தமிழ் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவர். நான் சந்தித்தவர்களில் தமிழில் முழு உரையாடல் நடத்தியவர் அவர் ஒருவரே. எழுத்தில் இருப்பது போலவே பேசுவார், 'தாங்கள் எப்பொழுது வந்தீர்கள்?' என்று. மகனுக்காகக் கட்டிய மாடி, மகன் கனடாவில். இந்த ஊரில் இப்படிப்பட்ட மாடிகள் ஏராளம்: பிள்ளைக்கென்று கட்டியது, பிள்ளை வராதது. வீட்டுக்கடன் இல்லை. வாடகை வந்தால் நல்லது, வராவிட்டாலும் அடுப்பு எரியும். இப்படிப்பட்டவரிடம் 'காலியாகக் கிடப்பதைவிட என்னிடம் குறைவாக வாங்குங்கள்' என்று சொல்லவே முடியாது. காலியாகக் கிடப்பது அவருக்குப் பழக்கம்.

அவர் சொன்னது 17,000. மின்சாரம், தண்ணீர், இணையம் எல்லாம் சேர்த்து. நான் வாடகையைப் பற்றிப் பேசாமல், இதற்கு முன் இருந்தவரைப் பற்றிக் கேட்டேன். அங்கேதான் எல்லாம் கொட்டியது. இரவும் பகலும் ஏசி ஓடியது, மின்வாரிய பில்லைப் பார்த்து அம்மா தலையில் கைவைத்தது, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வெள்ளிக்கிழமை சாவியைச் செருப்புக்கடியில் வைத்துவிட்டுப் போனது. கடைசியாக, குரலைத் தாழ்த்தி, புரட்டாசியில் மாடியிலிருந்து வந்த இறைச்சி வாசனை.

ஆக அந்த 17,000இல் ஒரு பகுதி வாடகை, ஒரு பகுதி பயம். பயத்தை எடுத்துவிட்டால் மீதி தானாக இறங்கும் என்று தோன்றியது. மாடிக்குத் தனி மீட்டர் இருந்தது. 'மின்கட்டணத்தை நானே தனியாகக் கட்டிவிடுகிறேன் அம்மா, வந்த அன்றே மீட்டர் எண்ணைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பிவிடுகிறேன்' என்றேன். மே தொடங்கி அக்டோபர் முடிய ஆறு மாதம் உறுதி என்று எழுதிக் கொடுத்தேன். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னால் சொல்லிவிடுவேன் என்றும் எழுதினேன். அலுவலகக் கடிதத்தையும் விசாவையும் காட்டினேன். புரட்டாசி மாதம் முழுக்க மாடியில் மீன்கூட ஏறாது என்றேன். எழுதவில்லை, வாயால் சொன்னதே போதுமானதாக இருந்தது. பிறகுதான், 'இப்போது எவ்வளவு சொல்கிறீர்கள்?' என்று கேட்டேன். சிறிது நேரம் விரல்விட்டு எண்ணிவிட்டு, 14,000 என்றார். நான் மனத்தில் வைத்திருந்தது 15,000. குளிர்காலத்தில் ஏசியைத் தொடவே தேவையில்லை என்பதால், மின்கட்டணம் மாதம் ஆயிரத்தைத் தாண்டவில்லை.

ஒன்றை மட்டும் மறுத்தேன். ஆறு மாத வாடகையையும் முன்கூட்டியே கொடுத்தால் 12,500 ஆக்கலாம் என்று அவருடைய உறவினர் ஒருவர் இடையில் புகுந்து சொன்னார். கணக்கில் 9,000 ரூபாய் மிச்சம். ஆனால் பணம் முழுவதும் போய்விட்டால், கூரைத் தொட்டி ஒழுகும்போது யாரைக் கேட்பது? எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அடுத்த மாத வாடகை வர வேண்டியிருக்கிற வீட்டில்தான் குழாய்க்காரர் சீக்கிரம் வருவார். ஒரு மாத முன்பணம், இரண்டு மாத வாடகை முன்னால், அதோடு நிறுத்தினேன்.

கடலோரமா, மேட்டு ஊர்களா?

வாடகையில் பாதியை முடிவு செய்வது பேரமே அல்ல, ஊர். வடக்கே கிராண்ட் பே, மேற்கே ஃபிளிக் ஆன் ஃபிளாக், தமரின் போன்ற கடலோரங்களில் விலையை வைப்பது சுற்றுலாக்காரரின் பை. தீவின் நடுவே மேட்டிலிருக்கும் ரோஸ் ஹில், குவாத்ர் போர்ன், கியூர்பிப் போன்ற ஊர்களில் அதை வைப்பது உள்ளூர்க்காரரின் சம்பளம். எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் முதல் வகை ஊரில் பேசி இரண்டாம் வகை ஊரின் விலைக்குக் கொண்டுவர முடியாது.

மேட்டிலும் எல்லாம் ஒன்றல்ல. கியூர்பிப் இன்னும் மலிவாகக் கிடைக்கும், காரணம் அங்கே போனதும் தெரிந்துவிடும்: மழை, மூடுபனி, சுவரில் பூஞ்சை. என் நண்பரின் தோல் பை மூன்று வாரத்தில் பச்சை பூத்தது. தென்கிழக்கே மாயேபூர் அருமையான பழைய ஊர், விமான நிலையத்துக்குப் பக்கம், வாடகையும் அடக்கம். காற்றைத் தாங்குகிறவர்கள் போகலாம். எனக்கு ரோஸ் ஹில் பிடித்ததற்கு முக்கியக் காரணம் மெட்ரோ. போர்ட் லூயிஸிலிருந்து 2022இல் கியூர்பிப் வரை நீண்டுவிட்ட அந்தப் பாதை இருப்பதால் ஸ்கூட்டர் வாடகை மிச்சம். கடலோரத்தில் இருட்டிய பிறகு பஸ் கிடைப்பது கடினம். வாடகையில் கொடுத்தது போதாதென்று டாக்ஸிக்கும் கொடுப்பீர்கள். ஃபைபர் இணையம் தீவெங்கும் வந்துவிட்டதால், மேட்டு ஊருக்குப் போனால் வேலை கெடுமோ என்ற கவலை வேண்டாம். ஆனாலும் வீடு பார்க்கப் போகும்போதே கைப்பேசியில் வேகத்தைச் சோதித்துவிடுங்கள்.

புயல் பருவத்தில் வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. நவம்பர் முதல் மே நடு வரை அது. 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயல் மழையில் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்தன. பிப்ரவரி, மார்ச்சில் கடலோர வீட்டுக்காரர்கள் கொஞ்சம் இறங்கி வருவார்கள் என்பது உண்மை. ஆனால் தரைத்தளத்தைக் குறைந்த வாடகைக்கு நீட்டினால், தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டுப் பேசுங்கள். மழை ஓய்ந்த நவம்பர், டிசம்பரிலோ குழாய்த் தண்ணீர் நேரம் வைத்து வரும். கூரையில் தொட்டி இருக்கிறதா என்று பார்ப்பது ஐந்நூறு ரூபாய்க் குறைப்பைவிட முக்கியம்.

என்னைக் கேட்டால்

ஆறு வாரத்துக்குள் என்றால் செயலியே போதும். ஒரே ஒரு செய்தி அனுப்பிச் சிறப்பு விலை கேளுங்கள், கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். அந்தச் சிறிய காலத்துக்காகத் தெருத்தெருவாக அலைவது விடுமுறையை வீணாக்குவது. ஓராண்டுக்குக் குறையாமல் இருக்கப் போகிறீர்கள், கையில் விசா இருக்கிறது, குடும்பமும் கூட வருகிறது என்றால் தரகர். இடைப்பட்ட இரண்டு முதல் எட்டு மாதக்காரர்கள்தான் தவறான கதவுகளில் அதிகம் இழப்பவர்கள். அவர்களுக்கு நடந்து தேடுவதைத் தவிர வேறு எதையும் நான் பரிந்துரைக்கமாட்டேன். முன்பின் தெரியாதவர் வீட்டுக் கதவைத் தட்டுவதற்குக் கூச்சப்படுகிறவர்கள், ஞாயிறு காலை கோயில் பூசை முடிந்து பிரசாதம் வாங்கும் வரிசையில் நின்று கேட்கலாம். அங்கே யாரும் கதவைச் சாத்தமாட்டார்கள்.

அக்டோபர் கடைசியில் காலி செய்தபோது, மீட்டர் எண்ணை இருவரும் சேர்ந்து பார்த்தோம். அம்மா முன்பணத்தை நூறு ரூபாய் நோட்டுகளாக ஒரு உறையில் வைத்திருந்தார். நூறு ரூபாயில் இருப்பவர் ரங்கநாதன் சீனிவாசன், தமிழர். தமிழை இந்திக்குக் கீழே அச்சிட்ட நோட்டுகளை 1998இல் தமிழர்கள் எதிர்த்ததையும், அரசு அவற்றைத் திரும்பப் பெற்று 1999இல் மாற்றி அச்சிட்டதையும் அன்றுதான் முழுக்கச் சொன்னார். சொல்லிக்கொண்டே நோட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணி மேசையில் வைத்தார், தமிழில், வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வது போல நிறுத்தி நிறுத்தி. நூற்று நாற்பது நோட்டு. நடுவில் எண்ணிக்கை தவறி இரண்டு முறை முதலிலிருந்து தொடங்கினார். எனக்கு விமானம் இரவு பத்து மணிக்கு.